பெட்டி ஆமைக்குச் சோறு போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வளர்ப்புப் பிராணிகள் பகுதியில், ஒரு வாசகரின் கேள்விக்கு வந்த பதிலைப் படித்தோம். "ஆமைக்குப் பெரிய செலவில்லை. சோற்றுப் பருக்கை, முட்டைக்கோஸ், வாழைப்பழம் போட்டாலே போதும்" என்று இருந்தது. கேட்டவர் வளர்ப்பது பெட்டி ஆமை. அந்த மூன்றை மட்டும் போட்டு வளர்த்தால் ஆமை உடனே செத்துவிடாது. ஒன்றிரண்டு வருடம் நன்றாக இருப்பதுபோலவே தெரியும். ஓடு மெத்தென்று அமுங்கி, கண் வீங்கி, நடை தள்ளாடும்போதுதான் வீட்டாருக்கு உறைக்கும். அதற்குள் எலும்பு கெட்டிருக்கும். முறையாக வளர்த்தால் நாற்பது ஐம்பது வருடம் வாழக்கூடிய பிராணி என்பதால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளமாகிவிட்டது. பொறுத்துக்கொள்ளவும்.

எந்த ஆமையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். நம் வாய்க்காலிலும் குளத்திலும் இருக்கும் பாலாமை, காராமை, மேட்டு நிலத்தில் அகப்படும் நட்சத்திர ஆமை எல்லாமே 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. உழவு வயலில் கிடைத்தது, தெருவில் வந்தது என்று எடுத்து வீட்டில் வைப்பது குற்றம். வனத்துறையிடம் ஒப்படைத்துவிட வேண்டும். வண்ணமீன் கடைகளில் பச்சையாகக் குட்டி குட்டியாக விற்பது சிவப்புக் காது ஆமை. அது தண்ணீரில் வாழ்வது, அதன் தீனிக் கணக்கு வேறு. பெட்டி ஆமை வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளைச் சேர்ந்தது. தரையில் நடமாடும், ஒரு சாணுக்குள் அடங்கும், அடி ஓட்டில் கீல் உண்டு. பயந்தால் தலையையும் காலையும் இழுத்துக்கொண்டு ஓட்டை இறுக மூடிக்கொள்ளும். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் உள்ள இனம் என்பதால், 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாமல் விற்பவரிடம் வாங்கவே கூடாது.

காட்டில் அது எதைத் தின்கிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். நத்தை, மண்புழு, வண்டு, கம்பளிப்புழு, காளான், கீழே உதிர்ந்த பழம், இளந்தளிர், சில சமயம் செத்த பிராணியின் மாமிசம் என்று எதையும் விடாது. தானியம் மட்டும் அதன் வழக்கத்தில் இல்லை. வளர்ந்த ஆமைக்குப் பாதி உயிர்த்தீனி, பாதி செடித்தீனி என்று வைத்துக்கொள்ளலாம். குட்டிக்கு உயிர்த்தீனி பாதிக்கு மேல் இருக்க வேண்டும். எல்லா வயதிலும் பழம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

இனி சுண்ணாம்புச்சத்து. ஆமைத் தீனியில் தவறு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். சாப்பாட்டில் பாஸ்பரஸ் ஒரு பங்கு இருந்தால் சுண்ணாம்புச்சத்து இரண்டு பங்காவது இருக்க வேண்டும். பாஸ்பரஸ் மிஞ்சினால், இரத்தத்தில் குறையும் சுண்ணாம்புச்சத்தை உடம்பு எலும்பிலிருந்தும் ஓட்டிலிருந்தும் உருவி எடுத்துக்கொள்ளும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் சுண்ணாம்புச்சத்து 10 மில்லிகிராம், பாஸ்பரஸ் 160. வாழைப்பழத்தில் 17-க்கு 36. கோழிக்கறியில் பாஸ்பரஸ் சுண்ணாம்புச்சத்தைப்போலக் கிட்டத்தட்ட பத்து மடங்கு என்று தலைகீழாக இருக்கிறது. அதே அட்டவணையில் முருங்கைக்கீரை 440-க்கு 70, அகத்திக்கீரை 1130-க்கு 80. ஞாயிறு இணைப்பில் பரிந்துரைத்த சோற்றுக்கும், கொல்லையில் சும்மா நிற்கும் முருங்கைக்கும் உள்ள தூரம் இவ்வளவு.

கீரையால் மட்டும் கணக்கு நேராகாது. உயிர்த்தீனியில் மண்புழு போகட்டும், சிள்வண்டு, மாவுப்புழு போன்றவற்றில் பாஸ்பரஸ் ஏராளம். ஆகவே மேலே பொடி தூவித்தான் ஆக வேண்டும். கடைப் பொடி வாங்கினால் பாஸ்பரஸ் சேராத கால்சியம் கார்பனேட் என்று பார்த்து வாங்கவும். வீட்டிலேயே செய்வதும் எளிது. முட்டை ஓட்டின் உள்சவ்வை உரித்து, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, வெயிலில் நன்றாக உலர்த்தி, மிக்சியில் மாவாக அரைத்து, மாவுச் சல்லடையில் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் வைக்கலாம். நாகப்பட்டினம், தரங்கம்பாடி, காரைக்கால் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் வசதி. கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டைக் காசில்லாமல் பொறுக்கிக்கொள்ளலாம். கடற்கரை இல்லாத ஊரில் இருப்பவர்கள் நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். கரையில் பொறுக்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை நாலைந்து முறை மாற்றி, உப்பு போனபின் கொதிக்கவைத்துக் காயவைக்க வேண்டும். ஒரு துண்டை ஆமை இருக்கும் இடத்தில் போட்டுவைத்தால் தேவைப்படும்போது தானே கடித்துக்கொள்ளும். அலகு தேயவும் அது உதவும். முட்டையிடும் பருவத்துப் பெட்டைகள் அதைச் சீக்கிரம் தீர்த்துவிடும்.

வளர்ந்த ஆமைக்கு வாரம் இரண்டு மூன்று வேளை, குட்டிக்கு ஏறக்குறைய ஒவ்வொரு வேளையும், இரண்டு விரலால் எடுக்கும் சிட்டிகை அளவு பொடி போதும்.

இங்கே மூன்று எச்சரிக்கை. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றுவது சில வீடுகளில் நடக்கிறது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய பின் அது கார்பனேட் இல்லை, காரம். நம் நாக்கில் கொஞ்சம் கூடினாலே வெந்துபோகிறது, ஆமையின் வாயும் குடலும் என்ன ஆகும்? சுடாத கிளிஞ்சலைப் பொடித்துப் போடுவதில் தப்பில்லை. அடுத்தது, மாட்டுக்குக் கொடுக்கும் கால்சியம் திரவம். அதில் பெரும்பாலும் பாஸ்பரஸும் சேர்ந்திருக்கும், வைட்டமின் டி-யும் மாட்டின் எடைக்கு ஏற்றபடி இருக்கும். மூன்றாவது, மருந்துக் கடையில் விற்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி பொட்டலம். மனிதருக்கே வாரம் ஒன்று என்று கொடுப்பது அது. அரைக் கிலோ எடைகூட இல்லாத பிராணிக்கு அதில் ஒரு சிட்டிகையே அதிகம். மிஞ்சினால் சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்திலும் இரத்தக் குழாயிலும் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எடுக்க வழியில்லை.

வைட்டமின் டி-க்கு வெயிலே போதும், ஆனால் நேர் வெயில் வேண்டும். கண்ணாடித் தொட்டியை ஜன்னலோரம் வைத்துவிட்டு வெயில் படுகிறது என்று நம்புவதில் பயனில்லை. வைட்டமின் டி உண்டாக்கும் புற ஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். காலை ஏழிலிருந்து ஒன்பது மணிக்குள், பாதி வெயிலும் பாதி நிழலும் விழும் இடத்தில் அரைமணி நேரம் விட்டால் போதும். நிழல் இல்லாத இடத்தில் விட்டால் நம்மூர் வெயிலுக்கு ஆமை வெந்துபோகும்.

வைட்டமின் ஏ பற்றாக்குறையை நிறையப் பேர் கண்நோய் என்றே நினைக்கிறார்கள். இமை இரண்டும் பருத்து மூடிக்கொள்ளும், கண் தெரியாததால் ஆமை சாப்பிடாது, சாப்பிடாததால் குறை இன்னும் கூடும். காதுப் பக்கம் பட்டாணி அளவில் கட்டி எழும்புவதும் இதோடு சேர்ந்தே வருவதுண்டு. ஆமையின் சீழ் தண்ணீராக இருக்காது, பாலாடைக் கட்டிபோல இறுகியிருக்கும். ஊசியால் குத்தி எடுக்க முடியாது, மருத்துவர் கீறித்தான் எடுக்க வேண்டும். கண் சொட்டு மருந்து மட்டும் போட்டுக்கொண்டிருந்தால் வாரங்கள் ஓடுமே தவிரக் குணமாகாது. கறித்துண்டு, காய்ந்த இறால், சோறு என்று மட்டும் தின்று வளரும் ஆமைகளுக்கே இது அதிகம் வரும். பரங்கிக்காய், கேரட், பப்பாளி, முருங்கைக்கீரை, வேகவைத்த முட்டையின் மஞ்சள் கரு இவற்றை முறை மாற்றிப் போட்டால் இந்தத் தொல்லை அநேகமாக வராது. சர்க்கரைவள்ளிக் கிழங்கில் உள்சதை ஆரஞ்சாக இருக்கும் ரகம்தான் இதற்கு உதவும். சந்தையில் அதிகம் கிடைக்கும் வெள்ளைச் சதைக் கிழங்கில் மாவுதான் மிஞ்சும். கோழி ஈரல் மாதம் ஒருமுறை, சுண்டுவிரல் நகமளவு. ஈரல் நல்லது என்று வாரா வாரம் போட வேண்டாம். வைட்டமின் ஏ ஊசியையும் மருத்துவர் அளவு பார்த்துத்தான் போட வேண்டும். அளவு மீறினால் கழுத்திலும் காலிலும் தோல் உரிந்து ரணமாகிவிடும்.

உயிர்த்தீனியில் முதலிடம் மண்புழுவுக்கு. டெல்டாவில் மண்புழு உரத் தொட்டி இல்லாத ஊர் குறைவு, அதனால் இதற்கு அலைய வேண்டியதில்லை. புழுவில் மட்டும் வித்தியாசம் பார்க்க வேண்டும். பழுப்பும் ஊதாவும் கலந்த, நீளமான, சதைப்பற்றுள்ள ஆப்பிரிக்கப் புழுவை ஆமை விரும்பித் தின்னும். யூட்ரிலஸ் என்று உரத் தொட்டிக்காரர்கள் சொல்வது அதைத்தான். சிவப்பில் மஞ்சள் வரி ஓடும் ஐசினியாவை விரலால் அழுத்தினால் மஞ்சளாக ஒரு நீர் கசியும். அந்த நெடிக்கு ஆமை கடித்துப் பார்த்துத் துப்பிவிடும். "ஆமை புழு தின்ன மாட்டேனென்கிறது" என்று சொல்பவர்களில் சிலர் இதைப் போட்டவர்களாக இருக்கலாம். எடுத்த புழுவைக் கழுவி, ஈரப்படுத்திய செய்தித்தாளில் ஓர் இரவு வைத்தால் வயிற்றுச் சாணமும் மண்ணும் வெளியேறிவிடும் (நேற்றைய உங்கள் நாளிதழே போதும்). மாட்டுக்குக் குடற்புழு மருந்து கொடுத்த வாரத்துச் சாணத்தைப் போட்ட தொட்டியாக இருந்தால் அந்தப் புழு வேண்டாம். மாட்டுக்கும் ஆட்டுக்கும் சாதாரணமாகப் போடும் ஐவர்மெக்டின் ஆமைக்கு உயிர்க்கொல்லி. ஆமைக்குக் குடற்புழு நீக்கவும் அதைப் பயன்படுத்தக் கூடாது. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகாத மருத்துவரிடம் போனால் இதை நாமே ஒருமுறை நினைவூட்டுவது நல்லது.

வயலில் பிடித்த எதையும் போடாதீர்கள் என்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரப்பில் வெட்டுக்கிளி கிடைக்கிறது, வாய்க்காலோரம் நத்தை கிடைக்கிறது, பிள்ளைகள் பிடித்துக் கொடுக்கிறார்கள், பார்க்க இலவசம். ஆனால் குறுவைக்கும் சம்பாவுக்கும் தண்டுத் துளைப்பான், இலைச் சுருட்டுப் புழு என்று மருந்து அடிக்காத வயல் இன்று அரிது. குருணை மருந்து போட்ட வயலில் நத்தை உயிரோடு ஊர்ந்தாலும் அதன் உடம்பில் மருந்து இருக்கும். பாதி மயங்கிய பூச்சிதான் பிள்ளைகளின் கைக்குச் சுலபமாக அகப்படும், அதுதான் இன்னும் ஆபத்து. அறுவடைக்கு முன்பு தெருவிளக்கைச் சுற்றிக் கூட்டமாக விழும் பச்சைத் தத்துப்பூச்சிகளும் அங்கிருந்து வருபவையே. வீட்டுக்குள் பிடித்த கரப்பானிலும் இதே சங்கடம்: சாக்பீஸ் மருந்தையோ பசை மருந்தையோ தின்றுவிட்டுத் திரியும். மருந்து வாடை படாத கொல்லையில் மழைக்குப்பின் வரும் நத்தை, மரவட்டையைத் தவிர்த்த மற்றப் பூச்சிகள், கழுவிக் கொடுக்கலாம். நத்தையை வெறும் கையால் தொட வேண்டாம்.

சிள்வண்டோ மாவுப்புழுவோ வாங்கி வளர்ப்பவர்கள், போடுவதற்கு ஒரு நாள் முன்பு அவற்றுக்கே முருங்கை இலையும் கேரட் துருவலும் தின்னக் கொடுக்க வேண்டும். பூச்சியின் வயிற்றில் உள்ளது ஆமைக்கும் போய்ச் சேரும். மாவுப்புழுவில் கொழுப்பு அதிகம், வாரம் ஒருமுறை நாலைந்து போதும். வேகவைத்த கோழிக்கறி மாதம் இரண்டு முறை, உப்பும் மசாலாவும் இல்லாமல். கருவாடு கூடவே கூடாது. கடையில் டப்பாவில் விற்கும் காய்ந்த இறாலை ஊறவைத்து எப்போதாவது போடலாம், அதையே தினப்படியாக வைப்பதுதான் தப்பு. பாலும் தயிரும் எந்த ரூபத்திலும் வேண்டாம்.

காளான் பெட்டி ஆமைக்கு உயிர். அமெரிக்கக் காடுகளில் மனிதருக்கு விஷமான காளானைக்கூடத் தின்றுவிட்டு ஒன்றும் ஆகாமல் நடக்கும். அப்படித் தின்ற ஆமையின் கறியைச் சாப்பிட்டு மனிதர்கள் நோயுற்றதும் உண்டு. அதற்காக மழைக்குக் கொல்லையில் முளைத்ததைப் பிடுங்கிப் போட்டுச் சோதிக்க வேண்டாம். நம் வைக்கோலிலேயே வளரும் சிப்பிக் காளான் தாராளமாகக் கிடைக்கிறது. வாங்கும்போது ஒன்று கேட்டுக்கொள்ளவும்: வைக்கோலைக் கொதிநீரில் அவித்தார்களா, ஃபார்மலினும் கார்பன்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லியும் கலந்த தண்ணீரில் ஊறவைத்தார்களா? அவித்ததே நல்லது. வாரம் இரண்டு முறை ஒரு துண்டு. இதிலும் பாஸ்பரஸ் தூக்கல், பொடி தூவ மறக்கக் கூடாது.

கீரையில் அகத்திக்கு ஒரு தனி எச்சரிக்கை. டெல்டாவில் அகத்தி அதிகம் நிற்பது வெற்றிலைக் கொடிக்காலில். கொடி வாடாமல் இருக்கப் போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தை ஊற்றுவார்கள், அதில் மயில்துத்தம் இருக்கிறது. துவாதசிக்கு மாத்திரம் பறிக்கும் வீட்டு அகத்தியாக இருந்தால் வாரம் ஒருமுறை ஓர் ஈர்க்கு இலை போடலாம். கசப்புக்கு முதலில் முகம் திருப்பும், பரங்கித் துருவலில் பிசறிவிட்டால் தெரியாது. முருங்கை, செம்பருத்தி இலையும் பூவும், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி மடல் இவை அடிக்கடி போடத் தக்கவை. பசலை, பாலக், தண்டுக்கீரை போன்றவற்றில் ஆக்சலேட் மிகுதி, இருக்கும் சுண்ணாம்புச்சத்தையும் கட்டிப்போட்டுவிடும். எப்போதாவது ஒன்றிரண்டு இலைக்குத் தோஷமில்லை. முட்டைக்கோஸ் தொடர்ந்து கொடுத்தால் தைராய்டு சுரப்பி கெடும். கொல்லையில் விட்டு மேயவிடுபவர்கள் அரளி, எருக்கு, ஊமத்தை, சேம்பு, குரோட்டன்ஸ் இருக்கும் பக்கம் தடுத்துவிட வேண்டும்.

பழத்தில் அத்திப்பழம் சிறந்தது, பப்பாளி, கொய்யா, நாவல், மாம்பழம் அளவோடு நல்லவை. எலுமிச்சை, ஆரஞ்சு வகை ஒத்துக்கொள்ளாது. வாழைப்பழத்தின் குற்றம் சத்துக்குறைவு மட்டுமில்லை. ருசி கண்ட ஆமை மற்ற எதையும் தொடாது, பழம் வரும்வரை இரண்டு மூன்று நாள்கூடக் காத்திருக்கும். பிடிவாதத்தில் பெட்டி ஆமையை மிஞ்ச ஆளில்லை.

ஒரு வேளைக்கு எவ்வளவு? வளர்ந்த ஆமைக்கு இரண்டு மேசைக்கரண்டி. மாதிரிக்கு ஒன்று: விரல் நீளப் புழு நான்கு, பொடியாக நறுக்கிய முருங்கையும் செம்பருத்தி இலையும் ஒரு மேசைக்கரண்டி நிறைய, பச்சையாகத் துருவிய பரங்கிக்காய் ஒரு தேக்கரண்டி, கட்டைவிரல் நகமளவு காளான், அதே அளவு பழம், மேலே ஒரு சிட்டிகை பொடி. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். குட்டிக்குத் தினமும், இதில் கால்வாசி. அளவு கூடுகிறதா என்பதை ஆமையே காட்டிக்கொடுக்கும். கையில் எடுத்ததும் ஓட்டை மூடப் பார்க்கும் அல்லவா, முன்பக்கம் மூடினால் பின்னங்கால் இடுக்கில் சதை பிதுங்கி நின்றது என்றால் கொழுத்துவிட்டது. அப்போது புழுவைப் பாதியாகக் குறைத்துக் கீரையைக் கூட்ட வேண்டும். கால் இடுக்கில் தோல் குழிந்து தொங்கினால் இளைத்திருக்கிறது.

பொறுக்கித் தின்னும் ஆமைக்கு எல்லாவற்றையும் கொத்திப் பிசறிவிடுவதே வழி. புழுவின் ஈரம் கீரையில் ஒட்டும், பிரிக்க முடியாமல் சேர்த்தே தின்னும். சிவப்பு, ஆரஞ்சு நிறம் அதன் கண்ணை இழுக்கும், அதனால் மேலே ஒரு செம்பருத்தி இதழைக் கிள்ளிப் போட்டால் வந்து பார்க்கும். நோயில்லாத வளர்ந்த ஆமையை இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டுவிட்டுப் புதுத் தீனியைக் காட்டுவதில் ஆபத்தில்லை. குட்டிக்கு அப்படிச் செய்யக் கூடாது.

கிண்ணம் வேண்டாம். தட்டையான ஓட்டுத்துண்டோ சொரசொரப்பான கருங்கல் பலகையோ போதும். அதில் வைத்துத் தின்னும்போது அலகு உரசித் தேயும். மெத்தென்ற தீனியையே வழவழப்பான தட்டில் தின்று வந்தால் மேல் அலகு கிளி மூக்காக வளைந்து, வாயை மூட முடியாமல் போகும்.

நேரம் காலை, வெயில் ஏறுவதற்கு முன். காட்டில் மழை பெய்த பிறகு பெட்டி ஆமை அதிகமாக இரைதேடிக் கிளம்பும். ஆகவே போடுவதற்குப் பத்து நிமிடம் முன்பு பூவாளியால் அதன் மேலும் தரையிலும் தண்ணீர் தெளித்தால் மந்தமாகக் கிடப்பதுகூட எழுந்து வரும். சித்திரை, வைகாசியில் 32, 33 டிகிரியைத் தாண்டினால் ஈரமண்ணில் புதைந்துகொண்டு சாப்பிடாமல் கிடக்கும். நோய் என்று பயந்து ஊட்டிவிட வேண்டாம். இடத்தைக் குளிர்ச்சியாக்கி, விடியற்காலையில் கொஞ்சமாக வைத்தால் போதும். மார்கழியில் நேர்மாறு: விடியலில் உடம்பு சூடேறாத ஆமைக்குத் தின்றது செரிக்காது, ஒன்பது மணிக்குமேல் வைக்கவும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இருக்குமிடம் மேடாக, வடிகாலோடு இருக்க வேண்டும். ஈரத்தில் நின்றபடியே இருந்தால் சளி பிடித்து மூக்கில் குமிழி வரும். சளி பிடித்த ஆமைக்கு வாசனை தெரியாது, அதனால் தீனியை முகராது.

தண்ணீர்த் தட்டு அகலமாக, ஆழம் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள். அதிலேயே இறங்கி உட்காரும், அதிலேயே கழியும், தினமும் மாற்ற வேண்டும். இது நீந்தி வாழும் ஆமை இல்லை. வளர்க்க முடியவில்லை என்று கோயில் குளத்தில் விடுபவர்கள் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு அதை மூழ்கடிக்கிறார்கள்.

மிச்சத்தை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடவும். புழுக்கத்தில் சீக்கிரம் நாறும் என்பது ஒரு காரணம். எறும்பு இன்னொன்று. நெருப்பெறும்பு தீனிக்கு வந்து ஆமையின் கண்ணோரத்தையும் கால் இடுக்கையும் கடித்துக் குதறும், ஓட்டுக்குள் ஒடுங்கிய ஆமைக்கு உதறத் தெரியாது. எறும்புப் பொடியை அங்கே தூவவும் வழியில்லை. தீனிக்கல் இருக்கும் இடத்தைக் கொதிநீரால் கழுவிவிடுவதும், தினம் இடம் மாற்றி வைப்பதும்தான் பயன்படுகின்றன. கொதிநீர் ஊற்றும்போது ஆமை அருகில் இருக்கக் கூடாது.

ஆமை சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும், பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும். நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைக் குட்டிகளை விற்பதை அமெரிக்கா 1975-இல் தடை செய்ததே குழந்தைகளுக்கு இதனால் வந்த வயிற்றுநோயால்தான். தீனிக்கல்லையும் தண்ணீர்த் தட்டையும் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். புழு நறுக்கும் கத்தி தனியாக இருக்கட்டும். ஐந்து வயதுக்குள் உள்ள பிள்ளைகளை ஊட்டவிடாதீர்கள், மற்றவர்கள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

கேள்வி கேட்ட அந்த வாசகருக்கு: சோற்றை இன்றே நிறுத்திவிடலாம், அதற்கு மாற்றுத் தேட வேண்டியதில்லை. முதல் வாரம் புழுவையும் பரங்கித் துருவலையும் மட்டும் பிசறிக் கொடுங்கள், இரண்டாவது வாரம் முருங்கையைச் சேருங்கள். சமையலறைத் தராசில் இன்றைய எடையைக் குறித்துவைத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, கட்டைவிரலால் மெல்ல அழுத்தும்போது ஓட்டின் ஓரம் அமுங்கினாலோ, கண் திறக்காமல் இரண்டு நாள் கிடந்தாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் ஈரத்துணி விரித்து, வெயில் ஏறுவதற்குள் கொண்டுபோய்க் காட்டுங்கள். இதுவரை என்ன போட்டீர்கள், எவ்வளவு நாளாக என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள், மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.

இப்படிக்கு,
இரு வாசகர்கள்,
கும்பகோணம்